துடிப்பு சீரானாலும் மாத்திரை வேண்டும்

ஆசிரியருக்கு,

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான இதயத்துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கியதும், 'குணமாகிவிட்டது' என்று ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். மிகவும் ஆபத்தான காரியம் இது. துடிப்பு சீரானாலும் இதயத்தின் மேலறைகள் சில வாரங்கள் சோர்ந்தேதான் சுருங்கும். இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கோளாறு தொடங்கி 48 மணி நேரம் கடந்திருந்தால் (2024இன் ஐரோப்பிய வழிகாட்டுதலில் 24 மணி), அல்லது தொடங்கிய நேரமே தெரியாவிட்டால், அதிர்ச்சிக்கு முன் 3 வாரம் மாத்திரை விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். பின்பு குறைந்தது 4 வாரம். இடையில் ஒரு வேளை விட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உணவுக்குழாய் வழியே எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுத்து, ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சீரான துடிப்பைத் தக்கவைக்க அமியோடரோன் என்ற மருந்தைக் கொடுத்தால், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரினின் வீரியம் கூடும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அளவு 2-3க்குள் நிற்கிறதா என்று அடிக்கடி பார்த்து வார்ஃபரின் அளவைக் குறைக்காவிட்டால் ரத்தக்கசிவு வரலாம். அமியோடரோன் சாப்பிடுபவர்கள் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளையும் 6 மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.