நாலடிக் குழி தோண்டிவிட்டு ஜிப்சம் வாங்க வாருங்கள்

அன்புள்ள விவசாயிகளுக்கு,

வணக்கம். மிளகாய் எடுத்து முடிந்து நிலம் சும்மா கிடக்கிற நேரம் இது. ஜிப்சம் எத்தனை மூட்டை போடணும், சொட்டுநீர் போட்டால் தாங்குமா, கண்மாய் வண்டல் அடிக்கலாமா என்ற கேள்விகள் கடைக்கு வருவதும் இப்போதுதான். மூன்றுக்கும் பதில் உங்கள் வயலில் நாலடி ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கும் விதத்தைச் சொல்லவே இந்த மடல்.

வைகை ஆறு ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கமும் குண்டாறு மூக்கையூர்ப் பக்கமும் கடலைச் சேரும் வழியில் விட்டுப்போன மண்தான் நம் ராமநாதபுரம் கரையோர வண்டல். ஆறு ஒரே மாதிரி மண்ணைப் போடாது. வெள்ளம் வேகமாக ஓடிய இடத்தில் மணல் தங்கும், தேங்கி நின்ற இடத்தில் களி படியும். ஆறு போக்கை மாற்றும்போது களிமேல் மணலும் மணல்மேல் களியும் ஏறும். அதனால் மேல்மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்து “நல்லா வடியிற மண்ணு” என்று சொல்வது பாதி உண்மைதான். வாங்கிய தண்ணீர் வேருக்குக் கீழேயும் தடையில்லாமல் இறங்கினால்தான் அது வடிகால் உள்ள மண்.

வயலில் மேடு ஓரிடம், பள்ளம் ஓரிடம் என இரண்டு குழி போடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி அகலம், நாலடி ஆழம். வெயில் படும் பக்கச் சுவரைக் கத்தியால் சீவிவிட்டு மேலிருந்து கீழே பாருங்கள். மூன்றடி மூன்றரை அடி வரை ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. இடையில் துருப்பிடித்த மாதிரி செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அந்த மட்டம் வரை மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நின்று இறங்குகிறது என்று பொருள். சாம்பலோ நீலமோ பாய்ந்த மண் என்றால் அங்கே தண்ணீர் நெடுநாள் நிற்கிறது. சித்திரை வைகாசியில் குழி காய்ந்து கிடக்கலாம். ஆனால் ஐப்பசியில் நடந்ததை மண் நிறத்தில் வைத்திருக்கும். பழைய வேர்களையும் பாருங்கள். நேரே இறங்கிய வேர் ஓரிடத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால் தடை அங்கேதான்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி மண் எடுத்து நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பட்டையாகத் தள்ளுங்கள். உருண்டை பிடிபட்டு, பட்டை ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் மணல் கலந்த இருமண் (மணலும் களியும் அளவாகச் சேர்ந்த மண்). மிளகாய், நிலக்கடலை, காய்கறிக்கு இதைவிட வாகான மண் இல்லை. ஓர் அங்குலம் முதல் இரண்டு வரை நீண்டால் களி கூடியது. இரண்டையும் தாண்டினால் களிமண். உருண்டையே பிடிக்காவிட்டால் வெறும் மணல், உச்சிப்புளி மண்டபம் பக்கம் தென்னை நிற்கிற மாதிரி.

பிறகு தண்ணீர்ச் சோதனை. தடை தெரிகிற மட்டத்தில் ஓரடி அகலம் ஓரடி ஆழத்துக்குச் சிறு பள்ளம் பறித்து நிரப்புங்கள். முதல் தண்ணீர் கணக்கில்லை, காய்ந்த மண் அதைக் குடித்துவிடும். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று அங்குலம் நல்ல வடிகால். ஒன்றுக்குக் கீழே போனால் சிக்கல். நாலைத் தாண்டினால் தண்ணீரும் உரமும் நிற்காமல் ஓடும். சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுக்கணும்.

இனி கணக்கு. நல்ல இருமண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும்படி 100 முதல் 120 மில்லிமீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மிளகாய் வேர் ஒன்றரை இரண்டடிக்குள் இருப்பதால் அதற்கு எட்டுவது சுமார் 60. அதில் பாதி தீர்ந்ததும் அடுத்த தண்ணீர் விட வேண்டும், அதாவது 30 மில்லிமீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் போனால் ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீர். ஏக்கருக்கு 30 மில்லிமீட்டர் என்பது 1,20,000 லிட்டர். மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடணும்.

இது நல்ல தண்ணீருக்கான கணக்கு. நம் கிணறுகளில் உப்பு உண்டு. மண்சாற்றின் (மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிழிந்த சாறு) இ.சி., அதாவது உப்பின் அளவைக் காட்டும் எண், 1.5-ஐத் தாண்டும்போதே மிளகாய் மகசூல் குறையத் தொடங்கும். பருத்தி ஏழுக்கு மேலும் தாங்கும். கிணற்றுத் தண்ணீரே 1.5 என்றால், உப்பை வேருக்குக் கீழே தள்ள, விடுகிற தண்ணீரில் கால் பங்கு கீழே இறங்கியாக வேண்டும். அப்படியானால் 30 போதாது, 40 மில்லிமீட்டர் விடணும். கீழே களி அடைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கூடுதல் தண்ணீர் எங்கும் போகாது. வெயிலில் ஆவியாகி உப்பை மேலேயே விட்டுப்போகும். “தண்ணி நிறைய விட்டேன், உப்பு கூடிப்போச்சு” என்பதன் காரணம் இதுதான். இன்னொன்று: மண் அறிக்கையில் வரும் இ.சி. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பார்த்தது. மண்சாற்று அளவான இந்த 1.5-உடன் அதை ஒப்பிடாதீர்கள். அறிக்கையில் 1-க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

ஜிப்சத்துக்கு வருவோம். அது உப்பைக் கரைக்கிற மருந்து அல்ல. மண்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைச் சுண்ணாம்புச் சத்து பெயர்த்துவிடும், அவ்வளவுதான். பெயர்ந்த சோடியம் தண்ணீரோடு வெளியேற வேண்டும். பி.எச். (கார அமில அளவு) 8.5-க்கு மேலே போய், காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் சேறாகவும் இருக்கிற களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும். வெள்ளையாகப் பூத்த உவர் நிலத்தில் பி.எச். சாதாரணமாக இருந்தால் ஜிப்சம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்; அங்கே தேவை நல்ல தண்ணீரும் வடிகால் வாய்க்காலும். களர் என்றால், ஆய்வகம் சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதியைத் தூவி, மேல் நாலு அங்குலத்துக்குள் கலந்து, வரப்பை உயர்த்தி நாலைந்து நாள் தண்ணீர் கட்டி, பிறகு வடிகட்டுங்கள். வடிகால் வாய்க்கால் வெட்டாமல் ஜிப்சம் கேட்டால் நாங்களே “பொறுங்கள்” என்போம்.

பாத்தியில் பாய்ச்சுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கரையின் உச்சியில்தான் வெள்ளை பூக்கும். தண்ணீர் இருபக்கமும் ஏறிச் சந்திக்கும் இடம் அது. நாற்றை உச்சியில் வைக்காமல் கரையின் சரிவில் வையுங்கள். சொட்டுநீரிலும் நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேரும். சின்ன மழை பெய்தால் “மழைதான் பெய்யுதே” என்று வால்வை மூடுவது பெரிய தவறு. அந்தத் தூறல் வளையத்து உப்பைக் கரைத்து வேருக்குக் கொண்டுவந்து விடும். நல்ல மழை வரும்வரை சொட்டுநீர் ஓடட்டும்.

கண்மாய் வண்டல் மணல் நிலத்துக்கு வரம். ஏக்கருக்கு ஓர் அங்குலம் பரப்ப 36 யூனிட் (யூனிட் என்பது நூறு கன அடி) ஆகும். ஏற்கெனவே களித்தட்டு உள்ள நிலத்தில் அடித்தால் கெட்டியாகும். கரையோரக் கண்மாயில் வண்டலே உவராக இருக்கலாம், அள்ளும் முன் ஒரு கைப்பிடி சோதியுங்கள்.

உரம் பற்றிச் சுருக்கமாக: நன்கு வடியும் மண்ணில் தழைச்சத்து நிற்காது, யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நாலு தவணையாகப் பிரியுங்கள். மிளகாய்க்குச் சாம்பல் சத்தைச் சாதாரணப் பொட்டாஷாக (மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்) போடாமல் சல்பேட் ஆஃப் பொட்டாஷாகப் போட்டால் மண்ணில் குளோரைடு ஏறாது, வத்தலின் தரமும் மேம்படும். நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின் தரம் பார்த்துத்தான் விலை. துத்தநாகக் குறை இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், டி.ஏ.பி. உரத்தோடு கலக்காமல்.

கிணற்றை ஆழப்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி வரை ஏறக்கூடும். அகலமான ஆழமில்லாத கிணறு, குறைந்த நேர ஓட்டம், நடுவில் ஊற இடைவெளி: இதுதான் வழி.

மண் கொண்டுவரும்போது ஓரடிக்கு ஒரு பையாக நாலு பை வேண்டும், அரை அரைக் கிலோ. மேலடி மண்ணை மட்டும் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்துக் கொண்டுவாருங்கள். வரப்போரம், எருக்குழி, மரத்தடி வேண்டாம். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள், யூரியா வந்த சாக்கில் போட்டால் முடிவே தப்பாகும். வெள்ளைப் பூப்பைத் தனியே சுரண்டித் தனிப் பையில். மோட்டார் பத்து நிமிடம் ஓடியபின் பிடித்த தண்ணீர் ஒரு பாட்டில், பையின் மேல் சர்வே எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டு. அப்படி வந்தால் எத்தனை மூட்டை என்று அதே இடத்தில் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் உரக்கடையினர்