டம்மி டக் ஆபரேஷன் குறிப்பைத் தராமல் இழுத்தடித்தது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
அழகு அறுவை சிகிச்சை நிறுவனம்.

ஐயா / அம்மையீர்,

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் நிறுவனத்தில் டம்மி டக், அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி நீக்கி வயிற்றைச் சமப்படுத்தும் ஆபரேஷன், செய்துகொண்டவள் நான். அந்த வேலையில் எனக்குக் குறை இல்லை. வயிறு நன்றாக வந்திருக்கிறது, தழும்பும் உள்ளாடைக்குக் கீழேயே அடங்கிவிட்டது. என் புகார் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றியது. பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்ய வேண்டி வந்தது. அன்று என் வயிற்றுக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதிவைத்த குறிப்பைக் கேட்டேன். நீங்கள் தரவில்லை. பித்தப்பையை எடுத்து, தையல் பிரித்து, நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் அது வந்து சேரவில்லை.

என்னிடம் இருந்தது உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். அதில் சிகிச்சை பற்றி இருப்பது இரண்டே வரி: அடிவயிற்றுச் சீரமைப்பு செய்யப்பட்டது, நோயாளி நலமுடன் வீடு திரும்பினார். மீதிப் பக்கம் முழுக்க மாத்திரைகள், இறுக்க உடையை எப்போது போட வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்பவை. உங்கள் நிறுவனச் சின்னம் மட்டும் பெரிதாக, பளபளவென்று அச்சாகியிருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டுப் பித்தப்பை சர்ஜன், "இது போதாதும்மா. ஆபரேஷன் நோட்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கும், அதை வாங்கிட்டு வாங்க" என்றார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எதற்கு என்று கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர்களுக்கு நான் ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்று கடைசிவரை புரியவில்லை, இந்தக் கடிதத்தையும் முதலில் பிரித்துப் படிக்கப் போவது அவர்கள்தான்.

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போது வழக்கமாகக் கேமராவை நுழைப்பது தொப்புள் வழியாக. அங்கே வயிற்றுச் சுவர் மெல்லியது, தழும்பும் குழிக்குள் மறைந்துவிடும். ஆனால் டம்மி டக் ஆன வயிற்றில் தொப்புளின் கதை வேறு. முழு டம்மி டக்கில் தோலைச் சுற்றி வெட்டி, தொப்புளை அதன் காம்போடு வயிற்றுச் சுவரிலேயே விட்டுவிட்டு, மேல்தோலைக் கீழே இழுத்து, அதில் புதிதாக ஒரு துளை போட்டு வெளியே எடுத்துத் தைக்கிறார்கள். இன்னொரு முறையில் காம்பையே அடியில் அறுத்து, கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி தைப்பார்கள். முதல் வகையில் அந்தக் காம்புக்குப் போகும் ரத்தம் உள்ளே இருந்துதான் வருகிறது. அங்கே எங்கே வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்று யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். எனக்குச் செய்தது எந்த வகை? வெளியே இருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அடுத்தது தசைத் தையல். பிரசவத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை நடுக்கோட்டில் இழுத்துச் சேர்த்துத் தைத்ததாக உங்கள் டாக்டர் அப்போது வாய்வார்த்தையாகச் சொன்னது நினைவிருக்கிறது. எந்த நூல் என்று சொல்லவில்லை. கரையாத நைலான் போன்ற நூல் என்றால் இன்றைக்கும் அது நடுக்கோட்டில் இருக்கும், தொப்புள் பக்கத்தில் கீறினால் அறுபடலாம். கரையும் நூல் என்றால் அது எப்போதோ கரைந்திருக்கும், அந்தக் கவலை இல்லை. இப்படி இறுக்கித் தைத்த வயிற்றில் இன்னொரு சங்கடமும் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் செலுத்துவார்கள். சாதாரண வயிறு அதற்குக் கூடாரம் மாதிரி எழும்பி, உள்ளே வேலை செய்ய இடம் கொடுக்கும். இறுக்கித் தைத்த வயிறு அவ்வளவு எழும்பாது. தையல் பிய்ந்துவிடுமோ என்று நான் பயந்தேன். நன்றாக ஆறிய வயிறு இந்த அழுத்தத்தைத் தாங்கும், இடம் குறைவாக இருப்பதுதான் தன் பிரச்சினை என்றார் அவர்.

அவர் மிக அழுத்திக் கேட்டது வலையைப் பற்றி. டம்மி டக் செய்யும்போதே தொப்புளில் இருக்கும் சின்னக் குடலிறக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்வது உண்டு, சில சமயம் அந்த இடத்தைப் பலப்படுத்தச் செயற்கை வலையும் வைப்பார்கள். எனக்கு அப்படி ஒரு சின்னக் குடலிறக்கம் இருந்தது. அதைச் சரிசெய்துவிட்டோம் என்று மட்டும்தான் சொன்னீர்கள். தையல் மட்டும் போட்டீர்களா, வலை வைத்தீர்களா, வைத்தது தசைக்கு மேலேயா உள்ளேயா? உள்ளே வைத்த வலையில் குடல் ஒட்டியிருந்தால், தொப்புள் வழியாகத் துளை போடுகிறவர் நேரே குடலிலேயே போய் நிற்பார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். ஆனால் இந்த வலை ஸ்கேனில் எல்லா நேரமும் தெளிவாகத் தெரிவதில்லை. இல்லை என்று அறிக்கை கொடுத்தவராலும் உறுதி கொடுக்க முடியவில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் ஒரு வரி தீர்த்துவைத்திருக்க வேண்டிய சந்தேகம் இது.

சரி, உங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு வருகிறேன்.

முதலில் பேசியவர், "அது டாக்டரோட பர்சனல் குறிப்பு மேடம், பேஷண்ட்டுக்குக் கொடுக்க மாட்டோம்" என்றார். என் வயிற்றைத் திறந்து எழுதியது எப்படி இன்னொருவருக்குப் பர்சனல் ஆகும் என்று கேட்டதற்கு, மேலதிகாரிக்கு மாற்றுகிறேன் என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனார். அடுத்தவர், டம்மி டக் செய்தவர்கள் லேப்ராஸ்கோப்பியே செய்துகொள்ளக் கூடாது, வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொன்னார். இது தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட. டம்மி டக்கில் மேல்தோலை விலா எலும்பு வரை தூக்கும்போது நடுவயிற்றில் கீழிருந்து தோலுக்கு வரும் ரத்தக் குழாய்கள் வெட்டுப்படுகின்றன. அதன் பிறகு அந்தத் தோல் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து வரும் ரத்தத்தை நம்பியிருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறித் திறக்கும் பழைய முறை அந்தப் பக்கவாட்டு ஓட்டத்தையே குறுக்கே வெட்டும். 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் துளைகளால் அந்த அளவு பாதிப்பு வராது. ஆக, என்னைப் போன்றவர்களுக்கு லேப்ராஸ்கோப்பிதான் கூடுதல் நல்லது என்றார் சர்ஜன். உங்கள் ஊழியர் பேச்சை நம்பி நானே போய்த் திறந்து செய்யச் சொல்லியிருந்தால்? மருத்துவம் படிக்காதவரை மருத்துவ ஆலோசனை சொல்ல விட்டிருப்பது யார்?

மூன்றாவதாக வந்தவர் அதற்கு நேர் எதிர். ஒரு பிரச்சினையும் இல்லை, எந்தக் குறிப்பும் தேவையில்லை, எல்லா டாக்டர்களுக்கும் தெரியும் என்றார். மூன்று பேரும் ஒரே நிறுவனம்.

எழுத்தில் கேளுங்கள் என்றீர்கள், எழுதினேன். அடையாளச் சான்று கேட்டீர்கள், அனுப்பினேன். என்னை அறுத்த டாக்டர் இப்போது உங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. இருக்கட்டும். டாக்டர் வேலையை விட்டுப் போகும்போது நோயாளிகளின் கோப்புகளையுமா கையோடு எடுத்துப் போகிறார்? பழைய கோப்புகள் வேறு கிடங்கில் இருக்கின்றன, தேடுகிறோம் என்பதுதான் உங்களிடமிருந்து கடைசியாக வந்த தகவல்.

கடைசித் தகவல் என்றா சொன்னேன்? இல்லை, அதன் பிறகும் ஒரு அழைப்பு வந்தது, உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து. பித்தப்பை ஆபரேஷன் செய்யப் போகிறீர்களாமே, துளைத் தழும்புகளை மறைக்க எங்களிடம் லேசர் சிகிச்சை இருக்கிறது, பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை உண்டு என்றார் அந்தப் பெண். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் கோபம். என் நோய் விவரத்தைக் குறைதீர்ப்புப் பிரிவில் சொன்னேன். கிடங்கிலிருந்து ஒரு தாள் வர மாட்டேன் என்கிறது, என் பித்தப்பை மட்டும் உங்கள் விற்பனைப் பிரிவுக்கு அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் கொடுத்த பட்டியலைப் பார்த்து அழைத்திருப்பார். பட்டியலில் என் பெயரைச் சேர்த்தவர் யார் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

இந்த இழுபறியில் ஆபரேஷன் தள்ளிப்போனது. குறிப்பு வந்துவிடும் என்று காத்திருந்த காலத்தில் வலி வந்துபோய்க்கொண்டே இருந்தது. பித்தப்பை வலி வந்தவர்களுக்குத் தெரியும், நெஞ்சுக்குழியில் தொடங்கி வலது தோள்பட்டை வரை இழுக்கும், உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வலிக்குச் சுடுநீர்ப் பை வைப்பதாகச் சொன்னதும் சர்ஜன் உடனே தடுத்தார். டம்மி டக்குக்குப் பிறகு தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துப்போயிருக்கும், சிலருக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்புவதே இல்லை, சூடு தெரியாமல் வெந்துவிடும் என்றார். இதுவும் உங்கள் கையேட்டில் இல்லை.

கடைசியில் குறிப்பு இல்லாமலேயே செய்தார்கள். தொப்புளையும் நடுக்கோட்டையும் தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்து, இடது விலா எலும்புக்குச் சற்றுக் கீழே, பாமர் புள்ளி என்று அவர்கள் சொல்லும் இடத்தில் முதல் துளையைப் போட்டு, உள்ளே பார்த்த பிறகே மற்றத் துளைகளைப் போட்டார்கள். நடுக்கோட்டுத் தசை சரியாக எழும்பாததால் வேலை மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. பித்தப்பை நல்லபடியாக வெளியே வந்தது. உள்ளே வலையும் இல்லை, ஒட்டலும் இல்லை. அதாவது, ஸ்கேன், காத்திருப்பு, பயம் இவற்றில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. தொப்புள் குழிக்குள் மறைந்திருக்கக்கூடிய தழும்பு இப்போது இடது விலாவுக்குக் கீழே, உங்களிடம் காசு கொடுத்துச் சமப்படுத்திய வயிற்றில், கண்ணில் படும்படி இருக்கிறது. குறிப்பு கையில் இருந்திருந்தாலும் அவர் இதே வழியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால் தெரிந்து தேர்ந்தெடுத்திருப்பார்.

இது எப்போதோ யாருக்கோ வரும் அபூர்வம் என்று நீங்கள் பதில் எழுதக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் டம்மி டக்குக்கு வருகிறவர்கள் யார்? பிள்ளை பெற்ற பெண்கள், வேகமாக உடல் எடையைக் குறைத்தவர்கள். பித்தப்பைக் கல் அதிகம் வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் அதே ஆட்கள்தான். கர்ப்பமும் சட்டென்ற எடைக்குறைப்பும் கல்லுக்கு நன்கு தெரிந்த காரணங்கள். போதாததற்குக் கருப்பைக் கட்டி, சினைப்பைக் கட்டி, குடலிறக்கம் என்று இதே வயதில் வரும் பலவற்றுக்கும் இன்று லேப்ராஸ்கோப்பிதான். பித்தப்பையை இப்படி எடுப்பது ஜெர்மனியில் தொடங்கியதே 1985-இல். உங்கள் நிறுவனம் பிறப்பதற்கு வெகு முன்பே வந்துவிட்ட ஒன்று. உங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள் ஒருநாள் இதே கேள்வியோடு இன்னொரு சர்ஜன் முன் உட்காரத்தான் போகிறார்கள். டம்மி டக்குக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் தழும்பு, நீர் கோத்தல், ரத்தக் கட்டு எல்லாம் இருந்தன. பின்னால் வயிற்றில் எந்த ஆபரேஷன் செய்தாலும் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும், குறிப்பைப் பத்திரமாக வையுங்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது இழப்பீடு இல்லை. என் ஆபரேஷன் குறிப்பின் முழு நகல் வேண்டும். தொப்புளை எப்படி வைத்தீர்கள், தசையை எந்த நூலால் எங்கிருந்து எங்குவரை தைத்தீர்கள், குடலிறக்கத்தை எப்படி மூடினீர்கள், தோலை எதுவரை தூக்கினீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பித்தப்பை போய்விட்டது, இனி எதற்கு என்று கேட்காதீர்கள். வயிறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கோப்பு தொலைந்துவிட்டது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள், அடுத்த சர்ஜனிடம் காட்ட அதாவது இருக்கட்டும். என் நோய் விவரம் விற்பனைப் பிரிவுக்கு யார் மூலம் போனது என்பதற்கு விளக்கமும், என் எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதற்கு உறுதியும் வேண்டும். இனி டம்மி டக் செய்துகொள்கிறவர்களுக்கு வீட்டுக்குப் போகும் நாளிலேயே, மருந்துச் சீட்டோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கொடுங்கள். இதற்குத் தனிப் பிரிவோ மென்பொருளோ தேவையில்லை, நகல் எடுக்கும் இயந்திரம் உங்கள் வரவேற்பறையிலேயே இருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

நான் அனுப்பிய கடிதங்கள், உங்கள் பதில்கள், பித்தப்பை சர்ஜன் குறிப்பு கேட்டு எழுதிய சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் வராவிட்டால் இதே கடிதத்தை மருத்துவப் பதிவு ஆணையத்துக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

இணைப்பு: மேற்சொன்ன நகல்கள்