டெப்லட்டா, லப்டொப்பா?

ஆசிரியர் அவர்கட்கு,

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு, விலை குறைவென்று டெப்லட் வாங்கும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டும். கடந்தகால வினாத்தாள் வாசிக்க, பாடக் காணொளி பார்க்க அது நல்லது. தகவல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை பைதன் என்ற நிரல்மொழியில் எழுதி, தரவுத்தளம் அமைத்துப் பழகுவதற்கு லப்டொப்தான் தோது. 8 ஜிபி ரெம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) இருந்தால் போதும்.

டெப்லட்டில் ரெம்மைப் பிறகு கூட்ட முடியாது. சேமிப்பு 32 ஜிபிதான் என்றால் கணிசமான பங்கை அதை இயக்கும் அண்ட்ரொய்ட் மென்பொருளே பிடித்துவிடும். மெமரி கார்ட் போட்டாலும் பெரும்பாலான செயலிகள் அதற்கு நகராது. பற்றரியையும் பசையால் ஒட்டியிருப்பார்கள், மாற்றுவது சிரமம்.

நம் ஊர் உப்புக்காற்றில் சார்ஜ் துளையின் முனைகள் பச்சை பிடிக்கும். அப்போது கேபிளை அசைத்து அசைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள், உள்ளிருக்கும் இணைப்பே கழன்றுவிடும்.

கணினி திருத்துநர்,
உவர்மலை, திருகோணமலை.