ரத்தம் கம்மின்னா எல்லாத்துக்கும் இரும்பு மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ரத்தசோகை பத்தி அரைப்பக்கம் வந்துச்சு, முருங்கக்கீரை, பேரிச்சம்பழம், சுண்டவத்தல்னு எல்லாம் போட்டிருந்தீங்க, சரிதான், ஆனா ரத்தம் ஊறாம கொறையறது ஒண்ணு, ஊறுன ரத்தம் உள்ளயே ஒடைஞ்சு கொறையறது இன்னொண்ணு, அந்த ரெண்டாவது பத்தி ஒரு வரி கூட இல்ல. நாங்க அதுலதான் மாட்டுனோம்.

என் தங்கச்சிக்கு நாலு படி ஏறுனாலே மூச்சு வாங்குச்சு, கண்ணு லேசா மஞ்ச. ஹீமோகுளோபின் 6.8. மொதல்ல போன எடத்துல இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்து, காமாலையும் இருக்கு, எண்ணெய் சேக்காதீங்கன்னு அனுப்பிட்டாங்க. அம்மா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல 5.9.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா மொத ரிப்போர்ட்லயே விஷயம் இருந்திருக்கு. பிலிரூபின், அதாவது கண்ண மஞ்சளாக்குற சாயம், மொத்தம் 3.8, அதுல கல்லீரல் பக்குவம் பண்ணுன 'டைரக்ட்' 0.6 தான், கல்லீரல் அடிபட்டா ஏறுற எஸ்ஜிபிடி நார்மல். கல்லீரல் நல்லாத்தான் இருக்கு, மஞ்ச வர்றது ஒடையற ரத்தத்துல இருந்துன்னு அடுத்து பாத்த டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க ஒடனே கேட்டது ரெட்டிக் கவுண்ட், அதாவது எலும்பு மஜ்ஜை புதுசா அனுப்புற பிஞ்சு ரத்தச் செவப்பணு எத்தன சதவீதம்னு பாக்கறது, பெரியவங்களுக்கு 2 வாக்குல இருக்கும், இவளுக்கு 14! 120 நாள் வாழ வேண்டிய அணு பாதியில சாவுறதால மஜ்ஜை அடிச்சுப்புடிச்சு அனுப்புதாம். ஸ்மியர்ல, அதாவது ரத்தத்த கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்புல பாத்ததுல, நடுவுல வெளுப்பே இல்லாத குண்டு குண்டு அணு, அணு ஒடைஞ்சா ஏறுற எல்டிஎச் ஏறிக்கெடக்கு, அணு ஒடைஞ்சா கொறையற ஹாப்டோகுளோபின் எறங்கிக்கெடக்கு. கடைசியா கூம்ப்ஸ் டெஸ்ட், 1945ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சது, அணு மேல ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க ஒடம்பு உண்டாக்குற புரதம்) ஒட்டியிருந்தா ரத்தம் கட்டி கட்டியா சேந்துக்கும். பாசிட்டிவ். ஒடம்பே தன் ரத்தத்த அழிக்குது. அத அடக்க ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, இப்ப ஹீமோகுளோபின் 11.

ரெட்டிக் கவுண்ட்டும் ஸ்மியரும் ஒண்ணும் பெரிய செலவு இல்லைங்க. ஸ்கேனுக்கு எழுதற கை இதுக்கு எழுத மாட்டேங்குது.

அடுத்த தடவை போடும்போது இன்னும் ரெண்டு விஷயம் சேத்துக்கோங்க. பரம்பரையா வர்ற ரத்த நோயான தலசீமியா, சிக்கிள் செல் சந்தேகம் இருந்தா (நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட சிக்கிள் செல் இருக்குன்னு 1952லயே கண்டுபிடிச்சாச்சு) ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடியே ஹீமோகுளோபின் வகைய பிரிச்சுப் பாக்கற எச்பிஎல்சி டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுத்து வெக்கணும், ஏத்திட்டா வேற ஆளோட ரத்தமும் கலந்து ரிசல்ட் கொழம்பிடும். ஜி6பிடி (ரத்த அணுவ ஒடையாம காக்குற என்சைம்) டெஸ்ட் ரத்தம் ஒடையற நேரத்துல எடுத்தா பொய்யா நார்மல் காட்டலாம், கொறபாடு அதிகமா உள்ள வயசான அணுவெல்லாம் அப்பத்தான் செத்துப் போயிருக்கும், அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணும். கீரைப் படத்துக்குக் குடுத்த எடத்துல பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேனி