வெடிமருந்தை விடு, முதல்ல துவக்கின் பிடியைப் பார் மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன்ட கடிதமும், நீ சுட்டுப் பார்த்த குறித்தாள்களின் படங்களும் கிடைச்சது. புது றைபிள் 100 யாரில 3 அங்குலம் சிதறுது, ஏன் எண்டு கேட்டிருந்தாய். இஞ்ச எல்லாரும் சுகம். மழை பிந்தினாலும் மாரி வெள்ளாமை பரவாயில்லை. படுவான்கரையில யானைக் கரைச்சல் மட்டும் குறையல்ல. உன்னிச்சைப் பக்கம் சனம் இரவிரவா யானை வெடியைக் கையில வைச்சுக்கொண்டு பரண்ல முழிச்சிருக்குது. ஒரு சொட்கன் அனுமதிக்கு அலையிற அலைச்சல் உனக்குத் தெரியும். 1916இல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைத் திருத்தித் திருத்தித்தான் இன்னும் வைச்சிருக்கிறம்.

நீ கனடாவில, அல்பேர்ட்டாவில மான் வேட்டைக்கு றைபிள் வாங்கின கதையைச் சொன்னதும் வீட்டுக்காரி சிரிச்சா. தொண்ணூறாம் ஆண்டு துவக்குச் சத்தம் கேட்டா வாய்க்காலுக்குள்ள படுத்த மனிசன், இப்ப காசு குடுத்து அந்தச் சத்தத்தை வாங்கிறாராம் எண்டு. நானும் சிரிச்சன், மறுகா கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். அதை விடு.

நான் றைபிள்காரன் இல்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில உருளைகளின் ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் பிடிச்சுக் காலம் கழிச்சவன். ஆனா இரும்பு எங்க தொடுது, எங்க தொடக் கூடாது எண்டுறதுதான் உன்ட பிரச்சினையும். நீ அனுப்பின, தோட்டா கட்டுற கைநூலை முழுக்க வாசிச்சிட்டுத்தான் எழுதுறன்.

உன்ட கடிதத்தில எனக்குப் பிடிக்காதது இது: தோட்டாவுக்குள்ள போடுற வெடிமருந்தை மாத்தியிருக்கிறாய், பறக்கிற சன்னத்தை மாத்தியிருக்கிறாய், மருந்தைப் பத்த வைக்கிற கேப்பை மாத்தியிருக்கிறாய், இடையில குறிபார்க்கிற ஸ்கோப்பையும் கழட்டிப் பூட்டியிருக்கிறாய். இப்ப ஏதாவது திருந்தினாலும் எதால திருந்தினது எண்டு உனக்கே தெரியாது. கையால தோட்டா கட்டுற ஆக்களுக்கு உள்ள வருத்தம் இது. கட்டுறதில ருசி கண்டிட்டா, எல்லாக் குற்றத்தையும் தோட்டாவிலதான் தேடுவாங்க. முதல்ல கடையில விக்கிற மட்ச் தோட்டா, அதாவது போட்டிச் சூட்டுக்குச் செய்த தோட்டா, ஒரு பெட்டி வாங்கு, அதே .308 அளவு, அதே 168 கிரெய்ன் நிறைச் சன்னம். விலை கூடத்தான், ஆனா நீ இதுவரை கரியாக்கின மருந்தைவிட மலிவு. அதுவும் 3 அங்குலம் சிதறினா உன்ட கைவேலையில குறையில்லை, துவக்கிலதான் குறை. அது ஓர் அங்குலத்துக்குள்ள விழுந்தா, துவக்கை விட்டுட்டுத் தோட்டா கட்டுற மேசைக்கு வா.

எனக்கு இப்பவே ஒரு சந்தேகம் இருக்கு. நல்ல வேளை, நீ ஒவ்வொரு ஓட்டைக்கும் எண் போட்டிருக்கிறாய். முதல் ரெண்டும் ஒட்டி விழுது. மூண்டாவதில இருந்து வலப்பக்கமா மேலே ஏறுது. எல்லாத் தாளிலயும் அதே ஏற்றம். தோட்டா பிழையெண்டா சிதறல் இப்படி ஒரு பக்கமா நடக்காது, நாலு பக்கமும் இறைபடும். மருந்து கூடிக் குறைஞ்சாலும் 100 யாரில பெரிசா ஒண்டும் தெரியாது. செக்கனுக்கு 50 அடி வேக வித்தியாசத்துக்கு சன்னம் விழுற உயரம் கால் அங்குலம்கூட மாறாது. நீ 0.1 கிரெய்னுக்குத் தராசோட சண்டை பிடிச்சது வீண். 7000 கிரெய்ன் சேர்ந்தாத்தான் ஓர் இறாத்தல், அந்த அளவுச் சின்னக் கணக்கு அது.

உன்ட குழல் வேட்டைக் குழல், மெல்லிசு. சூடாகினா அசையும். அசையிற குழல், அதுக்குக் கீழ இருக்கிற முன்பிடியில எங்கயாவது முட்டினா, முட்டின பக்கத்துக்கு எதிர்ப் பக்கமா வெடி தள்ளுப்படும். அதுவும் உன்ட பிடி வார்த்தெடுத்த பிளாஸ்ரிக். கையில வைச்சுப் பார்க்கக்குள்ள இடைவெளி தெரியும், இருகால் தாங்கியில ஏத்திக் கன்னத்தை வைச்சு அழுத்தினதும் முன்பிடி வளைஞ்சு குழலில ஒட்டிக்கொள்ளும். ஆலையில உருளை ஒண்டு குளிர்ல நேரா நிக்கும், நீராவி ஏறினதும் ஒரு பக்கத் தாங்கியில உரசும். அதே கதைதான். ஒரு கடதாசித் துண்டை மடிச்சுக் குழலுக்குக் கீழால விட்டு, நுனியில இருந்து உள்ளுக்கு இழுத்துப் பார். பிறகு தாங்கியில வைச்சு, மேல இருந்து கையால அழுத்திக்கொண்டு இழு. ரெண்டாம் தரம் சிக்கினா கள்ளன் பிடிபட்டிட்டான். உடனே மண்தாளை எடுத்துத் தேய்க்காத. சில கொம்பனிகள் வேணுமெண்டே முன்பிடி நுனியில சின்ன மேடு விட்டுக் குழலைத் தாங்க வைக்கும். உன்னுடையது அப்படியா எண்டு துவக்கோட வந்த புத்தகத்தைப் பார்த்திட்டுத் தொடு. அதுவரைக்கும் தாங்கியைக் கழட்டிட்டு, மண்பையைப் பூட்டுக்கு, அதாவது போல்ட் ஓடுற நடுப் பகுதிக்கு, கிட்டவா வைச்சு வெடி வை. குழலை மட்டும் பையில முட்ட விடாத.

பிடியையும் பூட்டையும் பிணைக்கிற ஆணிகளை நீ எப்படி முறுக்கினாய் எண்டு எழுதல்ல. கைக்கணக்கு வேண்டாம். அங்குல-இறாத்தல் காட்டுற முறுக்குச் சாவி வாங்கி, கொம்பனி சொன்ன அளவுக்கு முறுக்கு. துவக்கை அடிப்பிடியில நிமிர்த்தி வைச்சு முறுக்கினா, உதைப்பைத் தாங்குற கட்டி பின்னால சரியா அமரும். ஸ்கோப் அடித்தளத்தின் முன் ஆணியையும் பார். அது நீளமெண்டா குழல் மரையில முட்டும், தளம் இறுகின மாதிரி இருக்கும், உண்மையில இறுகியிருக்காது. ஆருட்டயாவது நல்லாச் சுடுற துவக்கில உள்ள ஸ்கோப்பைக் கடன் வாங்கிப் பூட்டி ஒருக்கா அடிச்சுப் பார். புது ஸ்கோப் எண்டுறதுக்காக அது குற்றவாளி இல்லையெண்டு நினைக்காத.

குழல் வாயையும் கண்ணாடி வைச்சுப் பார். சன்னம் கடைசியாத் தொடுற விளிம்பு அதுதான். பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே சுத்தி இழுத்தா, எங்க பஞ்சு சிக்குதோ அங்க பிசிர் இருக்கு. புதுக் குழலுக்குள்ள கருவி ஓடின கீறல் இருக்கும், அதில செம்பு ஒட்டும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் போட்டுத் துணி நீலமா வந்தா, நீலம் போகும் வரைக்கும் எடு. எடுத்த பிறகு முதல் சில வெடியைக் கணக்கில சேர்க்காத.

குழலுக்குள்ள சன்னத்தைச் சுழட்டுற வரியின் முறுக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில பயமில்லை. 1879இல கிறீன்ஹில் எண்டவர் ஒரு சூத்திரம் சொன்னார்: 150ஐ விட்டத்தின் வர்க்கத்தால பெருக்கி, சன்னத்தின் நீளத்தால வகுக்க வேணும். உன்ட சன்னத்துக்கு 12 அங்குலத்துக்குக் கிட்ட ஒரு சுற்று வருது. உன்ட குழல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, போதும் போதும். தாளில ஓட்டை வட்டமாத்தானே இருக்கு? சன்னம் தடுமாறினா ஓட்டை நீளமா விழும்.

இனித் தோட்டா. எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், என்னெண்டா இது முழுக்க அளவுச் சங்கதி. சுட்டு முடிஞ்ச தோட்டாவின் வெறுங்கோதைத் திரும்ப அச்சில அமுக்கி இழுக்கக்குள்ள, உள்ளுக்குள்ள இருக்கிற உருண்டை கோதின் கழுத்தை விரிச்சுக்கொண்டு வரும். கழுத்துக்குள்ள எண்ணெய் போடாட்டி அது கழுத்தைக் கோணலா இழுத்திடும். கோணல் கழுத்தில சன்னம் கோணலாத்தான் நிக்கும். வீ-பிளொக் எண்ட V வடிவத் தாங்கியில வைச்சு டயல் கேஜ் முள்ளைச் சன்னத்தில தொட்டுச் சுத்திப் பார். 3 தவுக்குள்ள ஆடினா நல்லம், அதாவது 0.003 அங்குலம். கோதின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்ட விடாத. தாண்டினா வாய் நெரிபட்டு அமுக்கம் ஏறும், அது ஆபத்து. இராணுவக் கோதுகளை மற்றதோட கலக்காத. அதுகளின் சுவர் தடிப்பு, உள்ளிடம் குறைவு, அதே மருந்துக்கு அமுக்கம் கூடும்.

சன்னத்தை எவ்வளவு ஆழத்தில இருத்திறது எண்டுறதைக் கடைசிக்கு வை. மொத்த நீளத்துக்கு 2.810 அங்குலம் எண்டு எழுதியிருக்கும், ஆனா சன்ன நுனி ஒண்டுக்கொண்டு வித்தியாசம். அதால நுனியில இருந்து அளக்காம, சன்னத்தின் தோளில தொடுற அளவியால அள. குழல் வரி தொடங்கிற இடத்துக்கு எவ்வளவு தூரம் விட்டா உன்ட துவக்குக்குப் பிடிக்குது எண்டு சிலசில தவாக மாத்திப் பார். வரியில முட்ட வைச்சா அமுக்கம் ஏறும், அந்தப் பக்கம் போகாத. எந்த ஒண்டை மாத்தினாலும் கைநூலின் தொடக்க அளவுக்கு இறங்கித்தான் திரும்ப ஏற வேணும். போல்ட் கடினமாத் தூக்கினா, கேப் தட்டையாகினா, அது அமுக்கம் கூடின அடையாளம், அண்டைக்கு வேலை முடிஞ்சுது எண்டு வீட்ட போ.

வார்கெட் எண்ட வெடிமருந்தைத் திரும்ப எடுக்கலாம் எண்டுதான் நினைக்கிறன். குளிருக்கும் வெயிலுக்கும் அவ்வளவா மாறாது எண்டு பேர் எடுத்த மருந்து. அது ஒஸ்ரேலியாவில முல்வாலாவில செய்யிறது. உனக்குக் கார்த்திகையில உறைபனி, கோடையில வெயில். ரெண்டுக்கும் ஒரே தோட்டா வேணுமெண்டா இது முக்கியம்.

இன்னொண்டு, மூண்டு வெடி வைச்சிட்டு "முக்கால் அங்குலம்" எண்டு எழுதியிருக்கிறாயே, அதை நான் நம்பல்ல. மூண்டு வெடி அதிர்ஷ்டத்திலயும் ஒட்டி விழும். குழல் ஆற ஆறப் பத்து வெடி வை. தூரப் போன ஒண்டை "கை ஆடினது" எண்டு விலக்காம எல்லாத்தையும் அள. பத்து வெடியில ஒண்டரை அங்குலம் வந்தா, வேட்டைத் துவக்குக்கு அது நல்ல கணக்கு. மானின் நெஞ்சுப் பகுதி 8 அங்குலத்துக்கு மேல. நீ 200 யாருக்கு அங்கால வெடி வைக்கப் போறதில்லை எண்டும் சொன்னாய். பிறகு எதுக்குக் கால் அங்குலத்துக்கு நித்திரை முழிக்கிறாய்?

வாற கிழமை கடதாசித் துண்டுச் சோதனையை மட்டும் செய், வேறொண்டையும் தொடாத. முடிவை எழுது. ஆடிக்கு ஊருக்கு வரக்குள்ள நல்ல டயல் கேஜ் ஒண்டு கொண்டு வா, காசு தாறன். என்டது பழசு, முள் சிக்குது. இஞ்ச வாங்கினா ரெண்டு மடங்கு விலை.

பிள்ளைகளுக்கும் தங்கச்சிக்கும் எங்கட அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன்ட மச்சான்