அறச்சலூர்க் கல்வெட்டையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் மஞ்சள், ஜவுளிச் சந்தை, பவானி ஜமக்காளம் என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றுமே நமக்குப் பெருமைதான். ஆனால் அறச்சலூர் நாகமலைக் குகையில் இருக்கும் இசைக் கல்வெட்டை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

'த தை தா தை த' என்று தொடங்கும் அடவு (ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டு) அது, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில். ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் அதே அடவுதான் வருகிறது. அமைத்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் பொறித்திருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னுக்கும் மணிக்கும் தரம் பார்க்கிறவர்; அப்படி ஒருவர் தாளத்தையும் எழுதி வைத்திருக்கிறார்! நொய்யல் கரையில் கொடுமணலில் மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் அகழாய்வில் வெளிப்பட்டதை நினைத்தால், அவர் எப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே வாழ்ந்தார் என்பது புரியும்.

நம் மாவட்டத்தின் பழைய பாசன வாய்க்காலான காளிங்கராயன் வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுவதால் அதை நாம் மறக்கவில்லை. குன்றில் இருக்கும் கல்லுக்கு அந்த வசதி இல்லை.

பள்ளிகள் சுற்றுலா என்றால் ஊட்டிக்குப் போகட்டும், சரி. அதோடு ஒரு அரை நாள் அறச்சலூருக்கும் கொடுமணலுக்கும் ஒதுக்கலாமே. அப்புறம், உடுக்கடித்து அண்ணமார் கதை (கொங்கு நாட்டின் பொன்னர்-சங்கர் கதை) பாடும் பெரியவர்களை அவர்கள் ஊரிலேயே, முழு இரவுப் பாட்டாக ஒலிப்பதிவு செய்து வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட நேரமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை.