இணையவழிக் கூட்ட வழங்கி: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கூட்டங்களை நம் சொந்த வழங்கியிலேயே (சர்வரிலேயே) நடத்துவதற்காக எடுத்துக்கொண்ட பணி நிறைவுற்றது. ஜிட்சி மீட் என்ற காணொளிக் கூட்ட மென்பொருள் நிறுவப்பட்டு இயங்குகிறது. கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. உலாவியில் முகவரியைத் தட்டினால் போதும்.

பரிசீலனைக்கு வந்த மென்பொருள்கள் இரண்டு: பிக்புளூபட்டன், ஜிட்சி. பிக்புளூபட்டன் வகுப்பு நடத்துவதற்கென்றே உருவானது. வெண்பலகை, வாக்கெடுப்பு, பதிவு எல்லாம் அதில் கச்சிதம். ஆனால் வழங்கியில் 8 கோர் செயலகம், 16 ஜிபி நினைவகம், அது சொல்லும் உபுண்டு இயங்குதளப் பதிப்பு மட்டும் என்று கேட்கும். நம் கூட்டங்கள் பேசிக் கலையும் கூட்டங்கள். அவற்றுக்கு 4 கோர், 8 ஜிபியில் அடங்கும் ஜிட்சியே தகும். 2003இல் தொடங்கிய இத்திட்டம் 2015இலும் 2018இலும் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறியது. அப்படியும் நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்தே இருக்கிறது. ஜிட்சியின் பொது வழங்கியில் 2023 ஆகஸ்ட் முதல் அறை திறக்க கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் கணக்குகளில் ஒன்று வேண்டும். சொந்த வழங்கி வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஜிட்சியின் உள்ளே நான்கு பகுதிகள். இணையப் பக்கத்தைத் தருவது என்ஜின்எக்ஸ். யார் வந்தார், யார் போனார் என்ற செய்திகளைக் கடத்துவது பிராசடி. அறையை ஒருங்கிணைப்பது ஜிகோஃபோ. ஒலி, ஒளியை வாங்கிப் பிறருக்கு அனுப்புவது வீடியோபிரிட்ஜ். டொமைன் பெயர் (உலாவியில் தட்டும் பெயர்) நம் வழங்கியின் முகவரியைக் காட்டத் தொடங்கிய பிறகே நிறுவலைத் தொடங்க வேண்டும். இல்லையேல், தளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாவிட்டால் உலாவி மைக்கையும் கேமராவையும் தராது. சான்றிதழின் ஆயுள் 90 நாள். புதுப்பித்தல் தானாக நடக்கும். அதற்காக வழங்கியின் 80ஆம் போர்ட்டை (தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசலை) மூடக் கூடாது.

ஜிட்சி நிறுவுவோர் அதிகம் திணறும் இடம் ஒன்று உண்டு. இருவர் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கும். மூன்றாமவர் வந்த கணமே எல்லோருக்கும் படமும் குரலும் போய்விடும். இருவர் மட்டும் இருக்கையில் அவர்களின் உலாவிகள் நேரடியாகவே இணைந்துகொள்கின்றன. வீடியோபிரிட்ஜுக்கு வேலையே இல்லை. மூன்றாமவர் வந்ததும் எல்லாம் அதன் வழியாகத் திரும்புகிறது. அப்போது யுடிபி (தரவைக் கடத்தும் ஒரு முறை) 10000 என்ற போர்ட் மூடியிருந்தால் பேச்சு நின்றுவிடும். வழங்கியின் ஃபயர்வாலில் (தொடர்புகளைத் தடுக்கும் அரணில்) திறந்தால் மட்டும் போதாது. வாடகை வழங்கி என்றால் அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் இன்னொரு ஃபயர்வாலும் இருக்கும். இரண்டும் திறந்தும் சரியாகாவிட்டால், பிரிட்ஜ் தன் உள் முகவரியை (வெளியிலிருந்து எட்ட முடியாததை) வெளியே அறிவிக்கிறது என்று பொருள். அதன் அமைப்புக் கோப்பில் உள் முகவரி, பொது முகவரி இரண்டையும் எழுதித் தர வேண்டும். ஆகவே இருவரோடு பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று முடிவுகட்ட முடியாது. மூன்று கருவிகள், அவற்றில் ஒன்று மொபைல் டேட்டாவில்: ஏற்புச் சோதனைக்கு இதுவே குறைந்த அளவு. யுடிபியையே தடுக்கும் அலுவலக இணையத்தில் இருப்போருக்காக டிசிபி என்ற வேறு முறையில் 5349ஆம் போர்ட் வழியாக மாற்றுப்பாதை உண்டு. அதில் குரல் சற்றுத் தாமதமாக வரலாம்.

அடுத்தது இணைய வேகம். பிரிட்ஜ் படங்களைக் கலப்பதில்லை; வந்ததை அப்படியே பகிர்கிறது. அதனால் வழங்கியின் செயலகத்தை (சிபியு) விட, வெளிச்செல்லும் இணைய வேகமே முதலில் தீர்ந்துபோகும். 20 பேரும் கேமராவைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற 19 பேரின் படம் போக வேண்டும்: 20 × 19 = 380 ஓடைகள். ஓர் ஓடைக்கு 200 கேபிபிஎஸ் (நொடிக்கு 200 கிலோபிட்) என்று கொண்டாலும் 76 எம்பிபிஎஸ் (நொடிக்கு 76 மெகாபிட்). ஒருவருக்கு ஆறு படம் மட்டும் என்று வரம்பிட்டால் 120 ஓடைகள், 24 எம்பிபிஎஸ். இந்த வரம்பை வைத்திருக்கிறோம்; அண்மையில் பேசியவர்களின் படம் முன்னால் வரும், குரல் எல்லோருடையதும் கேட்கும். பத்துப் பேருக்குப் பின் வருவோர் மைக் மூடிய நிலையில் நுழைவார்கள். இவ்வரம்புகள் உள்ள, இணையப் பக்கத்தின் அமைப்புக் கோப்பைத் திருத்துவோர் கவனிக்க: ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் முழுதும் வெறுமையாகிவிடும். திருத்தும் முன் நகல் எடுத்துவையுங்கள்.

நிறுவியபடியே விட்டால் முகவரி தெரிந்த எவரும் அறை திறக்கலாம். அதைத் தடுத்திருக்கிறோம்: கடவுச்சொல் உள்ளவர் அறையைத் திறப்பார், விருந்தினர் அதுவரை காத்திருப்பார். இதற்கு பிராசடி, ஜிகோஃபோ, இணையப் பக்கம் மூன்றின் அமைப்பும் மாற வேண்டும். விருந்தினருக்கான தனி டொமைனைச் சேர்க்க விட்டுப்போனால் அவர்களால் கடவுச்சொல் இன்றி நுழைய முடியாது.

கூட்டத்தை வழங்கியே படம்பிடித்துவைக்கும் வழங்கிவழிப் பதிவை இப்பணியில் சேர்க்கவில்லை. அதைச் செய்யும் ஜிப்ரி, உள்ளுக்குள் ஒரு குரோம் உலாவியைத் திறந்து கூட்டத்தில் தானும் ஓர் ஆளாய் அமர்ந்து படம்பிடிக்கிறது. ஒரு ஜிப்ரிக்கு ஒரு நேரத்தில் ஒரு கூட்டம்தான். தனி இயந்திரமும் வேண்டும். குறிப்பெடுக்கும் உறுப்பினர் குரோமிலேயே தன் கணினியில் பதியலாம்.

மறையாக்கம் (பிறர் கேட்கவோ பார்க்கவோ முடியாதபடி பூட்டுவது) பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியது: உலாவிக்கும் பிரிட்ஜுக்கும் இடையே எல்லாம் மறையாக்கப்படுகிறது, ஆனால் பிரிட்ஜில் அவிழ்கிறது. அதாவது வழங்கியை நிர்வகிப்பவர் மேல் நம்பிக்கை தேவை. பேசுவோரின் கருவிகளில் மட்டும் அவிழும் முனைக்கு முனை மறையாக்கத்தைக் கூட்டத்துக்குள்ளேயே இயக்கலாம். எல்லோருடைய உலாவியும் அதை ஏற்க வேண்டும்.

இனி பராமரிப்பு. மேம்படுத்தும்போது ‘அமைப்புக் கோப்பை மாற்றட்டுமா’ என்று கேட்டால் பழையதையே வைத்துக்கொள்ளவும். மேம்படுத்திய பின் மூன்று கருவிச் சோதனையை மீண்டும் செய்யவும். நிர்வாகத் திறவுகோல் இரண்டு உறுப்பினரிடம் இருக்க வேண்டும்.

— பணிக் குழு